மரத்தில் மஞ்சள் துணி கட்டக் கூடாது

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணிக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு விதிமுறைக் கையேடு உண்டு. அண்மையில் அதைப் புதுப்பித்தார்கள். கையுறை போட வேண்டும், மழையில் ஏணி ஏறக் கூடாது, பாம்பு கடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று போகிற விதிகளுக்கு நடுவே ஒரு வரி காரணமே சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மரங்களை அடையாளப்படுத்த எக்காரணம் கொண்டும் மஞ்சள் துணி பயன்படுத்தக் கூடாது.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இது ஒரு புதிராகிவிட்டது. மஞ்சள் சாயத்தில் விஷம் இருக்கிறதா, குளவி வருமா, யானைக்குப் பிடிக்காதா என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். என் பிரிவுபசார விருந்தில் என்னையே கேட்டார்கள். வாய் நிறைய பிரியாணி இருந்ததால் அப்போது சொல்ல முடியவில்லை. ஒரு வரி விதிக்குப் பின்னால் இவ்வளவு கூத்து இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டினவர். தோட்டம் கைமாறி, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போ பட்டணத்துக்கு வந்தோம். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். மரம் ஏறத் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். நேர்முகத் தேர்வு முடிந்தது. நாற்று மேடையில் சில வருஷம், ஒட்டுக் கட்டுவதில் சில வருஷம் என்று போய், கடைசியில் என்னைக் காட்டு ரப்பர் தோட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அதை விட்டு நான் நகரவில்லை.

காட்டு ரப்பர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தோட்டங்களில் நின்ற, நிற்கிற ரப்பர் மரங்களெல்லாம் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த கொஞ்சம் விதையின் வம்சம். அந்த வம்சத்துக்குள்ளேயே பால் அதிகம் தருவதைப் பொறுக்கிப் பொறுக்கி ஒட்டுக் கட்டினோம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மூக்கு, எல்லோருக்கும் ஒரே வியாதி. நாளைக்கு ஒரு பொல்லாத இலை நோய் வந்தால் ஒன்று விடாமல் படுத்துவிடும். அதனால் அமேசான் காட்டில் தானாக முளைத்து நிற்கிற மரங்களின் விதையை ஒவ்வோர் ஆற்றங்கரையாகப் போய்ப் பொறுக்கி வந்து, செமோர் பக்கம் பழைய தோட்டத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார்கள். நோயைத் தாங்கும் குணம் அதில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். எதில் என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும். ஒன்று போல ஒன்று இருக்காது. ஒன்று கோணும், ஒன்று குள்ளம், ஒன்று போகிற வருகிறவர் மீதெல்லாம் கிளையை ஒடித்துப் போடும். பால் மட்டும் பெரும்பாலும் மிகக் குறைவு.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்க முடியுமா? "பால் வராதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

"பால் வராத பால் மரத்துக்குக் காவலா? அதுக்கு மாசா மாசம் சம்பளமா?" அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "வெளிய சொல்லிக்காதடா, சிரிப்பாங்க."

அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் "எம் மவன் அரசாங்கத்துல டிரைவர்லா" என்பதுதான் அம்மாவின் பதில். அதன் விளைவாக எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை கார் ஓட்டுவது நான்தான்.

தோட்டத்துக்கு மேலதிகாரி டாக்டர் சல்மா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நல்ல மரம், கெட்ட மரம், அசிங்கமான மரம் என்ற சொற்கள் அவர் முன்னால் செல்லாது. நான் எதைப் போய்ச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கி, மெதுவாக மலாயில் ஒரே கேள்வி கேட்பார். "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" ஒரு தடவை "மழை வரும் போல இருக்கு டாக்டர்" என்றதற்கும் இதையே கேட்டார்.

மரபணுச் சோதனைக்கு இலை பறிப்பது அவரிடம் ஒரு பூஜை. செம்பு நிறம் மாறி இளம்பச்சைக்கு வந்த இலையாக இருக்க வேண்டும். மூன்று இலைக் கொத்தில் நடு இலை. நீளக் கொக்கியால் கிளையை வளைத்து, மரத்தில் இருக்கும்போதே கையில் பிடிக்க வேண்டும். கீழே விழுந்த இலையைத் தொடக் கூடாது. "விழுந்த இலைக்கு ஊர் கிடையாது ராஜு. பக்கத்து மரத்துதா இருக்கலாம்" என்பார். இலையைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட பையில் வைத்து, பென்சிலால் மட்டும் எண் எழுத வேண்டும். பேனா மை சாராயம் பட்டால் ஓடிவிடும். ஒவ்வொரு மரத்திலும் நான்கு இலக்க எண் பொறித்த அலுமினியத் தகடு ஆணியில் தொங்கும்.

இந்த நான்கு இலக்கத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4063 எங்கள் தோட்டத்தின் ஓரத்தில், சாலைப் பக்கம் நின்றது. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி அடிமரம், வேலிப் பக்கம் சாய்வு, ஒரு பக்கம் உளுத்த பொந்து. அதனோடு ஒரே ஆற்றங்கரையிலிருந்து வந்த மரங்கள் எல்லாம் காற்றில் சாய்ந்தும் வேர் நோயில் அழுகியும் போய்விட்டன. மிச்சம் இது ஒன்று. வேறு எந்த மரத்திலும் இல்லாத ஏதோ இதன் மரபணுவில் இருப்பதாகச் சோதனையில் வந்தது. "இது போனா அந்த ஆத்தங்கரையே போன மாதிரி" என்றார் டாக்டர். அவர் அவ்வளவு பெரிய வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத்தான் நிலத்தின் சொந்தக்காரர், குத்தகை முடிகிறது, வீடு கட்டப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார். தெலுக் இந்தான் போகிற வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே எங்களுக்கு மாற்று நிலம் கிடைத்தது. மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மார்பளவுக்கு மேலே வெட்டிவிட்டால், கட்டையிலிருந்து புதுத் தளிர் வரும். அது முற்றியதும் அதிலிருந்து மொட்டுக் கண்ணைச் சீவி எடுத்து வேறு நாற்றில் ஒட்டுக் கட்டினால், அதே மரம் புது இடத்தில் வளரும். காப்பாற்ற வேண்டுமானால் முதலில் வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு தளிர் முற்றச் சில மாதங்கள் ஆகும்.

மற்ற மரங்களையெல்லாம் வெட்டிவிட்டோம். 4063 பக்கம் போனால் மட்டும் டாக்டர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். உளுத்த மரம், வெட்டினால் தளிர்க்காமலே செத்துப் போகலாம் என்று பயம். அதுவரை யாரும் தெரியாமல் கை வைத்துவிடாதபடி அடையாளம் கட்டச் சொன்னார். அடையாளம் கட்டும் பிளாஸ்டிக் நாடா தீர்ந்து போயிருந்தது. தலைமையகத்திலிருந்து வரும் வரும் என்றார்கள், வரவில்லை. நான் ஈப்போவில் காதர் பாய் துணிக்கடைக்குப் போனேன்.

"தூரத்துலேருந்து பாத்தா தெரியணும் பாய்."

"அப்ப மஞ்சதான்லா. எந்தக் கோயிலுக்கு ராஜு?"

"கோயில் இல்ல பாய், ஆபீசுக்கு."

அவர் நம்பவில்லை. சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று முழுக் கட்டையும் தள்ளிவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானும் தமிழன்தான். தோட்டத்தில் பிறந்தவன்தான். மஞ்சள் துணி சுற்றிய மரத்தை நம் ஆட்கள் மரமாகவா பார்ப்பார்கள்? இத்தனை வருஷ ஆபீஸ் உத்தியோகத்தில் மஞ்சள் என்றால் 'அவசரம்' என்று மட்டும் மூளையில் பதிந்து போயிருந்தது. தகட்டுக்கு நேர் மேலே, அகலமாக, அழகாகக் கட்டிவிட்டு வந்தேன்.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அஞ்சலை அக்கா தினமும் அந்த வேலியோரமாகத்தான் மோட்டார் சைக்கிளில் போவார். மஞ்சள் துணி, கீழே வெயிலில் மின்னும் தகடு, தகட்டில் நான்கு இலக்கம். இதற்கு மேல் ஒரு சாமி எப்படித் தெளிவாகப் பேசும்? அந்த வாரம் நான்கு இலக்க லாட்டரியில் 4063-ஐ நம்பர் எடுத்தார். அடித்தது. ஆறுதல் பரிசுதான். ஆனால் சாமி அடித்தால் அது பெரியது, சின்னது என்று கிடையாது.

அடுத்த வாரம் நான் போனபோது மரத்தடியில் சூலம், எலுமிச்சம்பழம், சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். அதற்கடுத்த வாரம் தகரக் கூரையும் ஒரு பதாகையும். 'அருள்மிகு 4063 முனியாண்டி ஆலயம்' என்று போட்டு, கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களோடு கைப்பேசி எண்கள். மரத்தின் மறுபக்கம் சீனத்து அங்கிள்கள் தங்கள் நிலக் காவல் சாமியான நாத்தோ கோங்குக்குச் சிவப்புப் பெட்டி ஒன்று வைத்து ஆரஞ்சுப் பழம் அடுக்கியிருந்தார்கள். இரண்டு சாமிகளும் ஒரே மரத்தில் கூட்டுக் குடித்தனம்.

டாக்டரிடம் போய் நின்றேன்.

"அந்த மரத்துல சாமி இருக்குன்னு சொல்றாங்க டாக்டர்."

"பார்த்தாங்களா, நினைச்சாங்களா?"

"நம்பர் அடிச்சுச்சு டாக்டர்."

கண்ணாடியை இறக்கினார். "ஒரு தடவைதானே? ஒரு தடவை நடந்ததை வெச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது." பிறகு, "சுருட்டுப் புகை இலை வரைக்கும் போகுதான்னு மட்டும் பாருங்க" என்றார். நான் ஒரு சாயங்காலம் முழுக்க மரத்தடியில் நின்று புகை போகிற திசையைப் பார்த்தேன். பக்தர்கள் நான் ஏதோ விரதம் இருக்கிறேன் என்று நினைத்து எனக்கும் சுண்டல் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு காலையில், சொன்ன தவணைக்கு முன்பே மண்வாரி இயந்திரங்கள் வந்து வாசலில் நின்றன. நிலத்தைச் சமப்படுத்த வந்த ஒப்பந்தக்காரர் ஆ செங் என்பவர். எனக்கு உயிரே போய்விட்டது. வெட்டிய கட்டைகளில் தளிர் அப்போதுதான் விரல் நீளம். அன்றைக்குத் தள்ளினால் எந்த மரமும் மிஞ்சாது. டாக்டருக்குப் போன் அடித்தேன். அவர் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அடித்தார். கோலாலம்பூர் கூட்டத்தில் இருந்தது.

ஆ செங் வேலியோரமாக நடந்து வந்தவர், 4063 முன்னால் நின்றார். மஞ்சள் துணியைப் பார்த்தார். சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார்.

"இது எத்தன நாளா இங்க இருக்கு?" என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் கேட்டார்.

"மரம் ரொம்ப வருஷமா இருக்கு, பாஸ்" என்றேன். பொய் இல்லை.

"இத நான் தொட மாட்டேன். எனக்கு மூணு புள்ள இருக்கு. வேற எதெதுல்லாம் இருக்கு? சொல்லிடு. சாப்டுட்டு வந்து பாக்குறேன்."

அவர்கள் சாப்பிடப் போனார்கள். கிடங்கில் காதர் பாய் கொடுத்த துணிக்கட்டு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிழித்தேன், கட்டினேன், கிழித்தேன், கட்டினேன். டாக்டர் வண்டியை விட்டு இறங்கியபோது தோட்டம் முழுக்க மார்பளவுக் கட்டைகள் ஒவ்வொன்றும் மஞ்சள் துணியோடு, தகட்டோடு, இரண்டு தளிரோடு நின்றன.

"என்ன இது?"

"துணி, டாக்டர்."

"யார்கிட்டயாவது இதெல்லாம் சாமின்னு சொன்னீங்களா?"

"சொல்லல டாக்டர். கட்ட மட்டும்தான் செஞ்சேன்."

"அப்ப இது அடையாளம்" என்றார். பக்கத்துக் கட்டைக்குப் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தார். "ரொம்ப இறுக்கம். தளிரோட அடியில அழுத்துது. எல்லாத்தையும் தளர்த்திக் கட்டுங்க."

ஆ செங் திரும்பி வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. சீனப் புத்தாண்டு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நிலத்துக்காரரிடம் அவர் என்ன சொன்னாரோ, எங்களுக்கு மாதங்கள் கிடைத்தன.

ஆனால் தாமானில் செய்தி பரவிவிட்டது. எல்லா மரத்திலும் சாமி, எல்லா சாமிக்கும் தனித்தனி நம்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க இடமில்லை. அவரவர் பிறந்த தேதிக்கும் கார் நம்பருக்கும் பொருத்தமான கட்டையைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர்கூடச் சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தகடுகளைப் படித்துப் போனார். அதன் பிறகு ஒரு நம்பர்கூட அடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது யாரையும் பாதிக்கவில்லை.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். எல்லா மரத்தையும் எதற்குக் கொண்டு போக வேண்டும், சிறந்ததாகச் சிலதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விடுங்கள் என்பது அவர் கட்சி. டாக்டர் வருஷக்கணக்காகப் படம் போட்டு விளக்கியும் அவர் மண்டையில் ஏறவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கே ஆச்சரியம். அங்கே நின்ற அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு, ஜெயித்தது அந்த ஒரு மரம்தானே, எல்லோரும் அதையே கும்பிட வேண்டியதுதானே என்று மலாயில் கேட்டார்.

அக்கா அவரைப் பாவமாகப் பார்த்தார். மலாயிலும் தமிழிலும் கலந்து சொன்னார். "எல்லாரும் ஒரே நம்பர எடுத்துட்டு, அந்த நம்பர் அடிக்கலன்னா என்னா ஆவும்? மொத்தத் தாமானும் அவுட்டுலா! நாலா பக்கமும் எடுத்து வெச்சாத்தான் எதாச்சும் ஒண்ணு அடிக்கும். எது அடிக்கும்னு இப்பவே யாருக்குத் தெரியும்?"

டாக்டர் சல்மா, அஞ்சலை அக்காவை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு என்னிடம், "தமிழ்ல சொன்ன பகுதியையும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதிகாரியின் பக்கம் திரும்பி, "இதைத்தான் நான் சொல்லிட்டு இருந்தேன்" என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். எல்லா மரங்களுக்கும் லாரி ஒதுக்கிவிட்டுத்தான் போனார். போகும்போது ஒரு தகட்டைப் படமெடுத்ததை நான் பார்த்தேன். நினைக்கவில்லை, பார்த்தேன்.

மற்ற கட்டைகளில் தளிர் முற்றி, கண் எடுத்து, தெலுக் இந்தானுக்கு அனுப்பிவிட்டோம். 4063 மட்டும் இன்னும் வெட்டாமல் நின்றது. இனித் தள்ளிப் போட முடியாது. ஆனால் இப்போது அது எங்கள் மரம் மட்டுமா? கோயில் பூசாரி மணியம், பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருக்குத்தான் அருள் வரும்.

"வெட்டலாமா கூடாதான்னு நாங்க எப்டிண்ணே சொல்றது?" என்றார் மணியம். "வெள்ளிக்கெழம வாங்க. சாமிகிட்டயே கேட்டுக்குங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். டாக்டர் சாலையோரம் வண்டியிலேயே இருந்துகொண்டார். உடுக்கை அடித்தார்கள். மணியம் கண் சொருகி, சுருட்டைப் பற்ற வைத்து, என்னை முறைத்தார்.

"யாருடா என்னைய வெட்ட வந்தவன்?"

"நான்தான் சாமி, ராஜு."

"துணி கட்டுனவனே வெட்ட வாரியா?"

கூட்டம் முணுமுணுத்தது. டாக்டரிடம் படித்த பாடத்தையெல்லாம் சாமியிடம் ஒப்பித்தேன். "வெட்டுனா தளிர் வரும் சாமி. அதுலேருந்து கண்ணு எடுத்து வேற நாத்துல ஒட்டுக் கட்டுவோம். அது வளந்தா ஒங்க புள்ள இல்ல சாமி, நீங்களேதான். ஒரு சொட்டு மாறாது."

"அப்ப ரெண்டு நானா?"

"ரெண்டும் நீங்கதான்."

சாமி நீளமாகப் புகை விட்டது. "நம்பரு?"

"அதே நம்பர்தான் சாமி. மாத்துனா டாக்டர் என்னை உயிரோட விட மாட்டாங்க."

கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எந்த உயரத்தில் வெட்டுவாய் என்றது சாமி. மார்பைக் காட்டினேன். சாமி சிலிர்த்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கியது. நான் வண்டிக்கு ஓடினேன். டாக்டர் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"சாமி தலைக்கு மேலங்கறார் டாக்டர்."

"ஏன்?"

"கேக்கல."

"கேளுங்க ராஜு. காரணம் இல்லாம உயரத்தை மாத்த முடியாது."

திரும்பி ஓடினேன். துணி இருக்கிற இடத்தில் கத்தி படக் கூடாது என்றது சாமி. அதை டாக்டரிடம் சொன்னேன். "நியாயம்தான். துணிக்கு மேல ஒரு சாண்" என்றார். அதை எடுத்துக்கொண்டு சாமியிடம் ஓடினேன். சாமி ஒப்புக்கொண்டது. எனக்கு மூச்சு வாங்கியது.

அப்போது சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டது. "தளிர் வரலன்னா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. "வரலன்னா அவ்ளோதான் சாமி" என்றேன். "ஒங்க கூட வந்தவங்க யாரும் மிச்சமில்ல. நீங்க ஒருத்தர்தான் பாக்கி." அத்தனை வருஷமாக அந்த மரத்தில் ஏறி இறங்கியவன் நான். அது சாகக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சாமி என்னையே பார்த்தது. சாமியா மணியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்றது. பிறகு, "வெட்டு."

வெட்டினேன். வெட்டுவாயில் அஞ்சலை அக்கா மஞ்சள் பூசப் போக, டாக்டர் பாய்ந்து தடுத்து மெழுகு பூசினார். பிறகு காத்திருந்தோம். மற்ற கட்டைகளெல்லாம் மூன்று வாரத்தில் தளிர்த்தவை. இது தளிர்க்கவில்லை. ஆலயத் தலைவர் காலையில் பார்த்துச் சொல்வார், அக்கா வேலைக்குப் போகும்போது பார்த்துச் சொல்வார், டாக்டர் விடுமுறையிலும் வந்து பார்ப்பார். ஆ செங் எனக்குக் கைப்பேசியில் அடித்து, "சாமி மொளச்சிட்டாரா?" என்று கேட்பார். பட்டை சுருங்கத் தொடங்கியது. நான் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் இருந்தேன். அம்மா, வண்டி எங்காவது இடித்துவிட்டாயா என்று கேட்டார்.

ஒரே ஒரு தளிர் வந்தது. அதுவும் மறுபக்கம், சிவப்புப் பெட்டிக்குக் கீழே. அது எங்கள் சாமி முளைக்க வைத்தது என்று சீனத்து அங்கிள்களும், மரமே எங்களுடையது என்று ஆலயத் தலைவரும் சண்டைக்கு நின்றார்கள். டாக்டர் நடுவில் புகுந்து தளிரைச் சுற்றிக் கம்பி வலை அடித்தார். யாருடைய சாமி என்று பிறகு பார்க்கலாம், முதலில் ஆடு மேயாமல் இருக்கட்டும் என்றார்.

முற்றியபோது அந்தத் தளிரில் ஒரு கைப்பிடி கண்கூடத் தேறவில்லை. நான்தான் ஒட்டுக் கட்டினேன். நாற்றின் பட்டையில் சின்னக் கதவு மாதிரி திறந்து, கண்ணைச் செருகி, நாடா சுற்றுவது நான் தூக்கத்திலும் செய்கிற வேலை. அன்றைக்கு ஒவ்வொரு சுற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். நாடாவைப் பிரிக்கிற நாளில் டாக்டர் பக்கத்தில் நின்றார். கண்ணின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் உயிர். முதலாவது கறுப்பு. அடுத்தது கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. கடைசி நாற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் என் தோளைத் தொட்டார். கீறினேன்.

"பச்சை, டாக்டர்."

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"நீங்களே பாருங்க டாக்டர்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

பழைய கட்டையிலிருந்து முனியாண்டியைக் கலசத்தில் இறக்கினார்கள். சிவப்புப் பெட்டியை அங்கிள்கள் தூக்கிப் போனார்கள். ஆ செங் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, தன் ஆட்களை நம்பாமல் தானே இயந்திரத்தை ஓட்டினார். இப்போது அங்கே மாடி வீடுகள். டாக்டர் அலுவலகத்துக்குப் போய் அந்த விதியை எழுதினார். துணி வேலை செய்யாது என்பதற்காக இல்லை. அளவுக்கு மீறி வேலை செய்கிறது, நம்மால் கட்டுப்படுத்த முடியாது என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் ஆலயத்தார் ஒரு பேருந்து பிடித்துத் தெலுக் இந்தானுக்குச் சாமி பார்க்க வந்தார்கள். அந்த ஊரின் பேர்போன சாய்ந்த கோபுரத்தையும் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவும் ஏறிவிட்டார். தோளுயரம் வளர்ந்த கன்று, கழுத்தில் நான் எண் பொறித்துத் தொங்கவிட்ட புதுத் தகடு, 4063. அஞ்சலை அக்கா இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். விதி களப்பணியாளர்களுக்குத்தான், பக்தர்களுக்கு இல்லை. டாக்டர் செம்பனைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா மட்டும் கன்றை மேலும் கீழும் பார்த்தார். பால் வெட்டிய கை சும்மா இருக்குமா? தடுக்கும் முன்னால் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிவிட்டார். "அம்மா, ஜங்கான்!" வேண்டாம் என்று டாக்டர் மலாயில் அலறினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கீறலில் வெள்ளையாக ஒரு துளி ஊறி நின்றது.

அம்மா அதை விரலில் தொட்டு, தேய்த்து, இழுத்துப் பார்த்தார். நூலாக வந்தது. என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"பால் வருதேடா! வராது வராதுன்னு சொன்ன?"

"கொஞ்சந்தாம்மா வரும்."

"கொஞ்சமோ நெறையவோ, வருதுல்ல?"

டாக்டர் ஓடி வந்தார். "என்ன சொல்றாங்க?"

"பால் வருதாம் டாக்டர்."

"பார்த்தாங்களா, நினை..."

அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். கேள்வி முடியும் முன்பே விரலை டாக்டரின் மூக்குக் கண்ணாடிக்கு நேரே நீட்டினார். டாக்டர் பார்த்தார். தலையாட்டினார். கீறல் இடப்பக்கம், ஆழமில்லை என்று என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும்போது நான் பேருந்தில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அம்மா பக்கத்தில் தாமானுக்குப் புதிதாக வந்த ஒரு பெண். ஒங்க மவன் டிரைவராமே, வர்ற மாசம் எங்க வீட்டுல கல்யாணம் என்று ஆரம்பித்தார்.

"யாரு சொன்னா டிரைவர்னு?" அம்மா விரலில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உருட்டிக்கொண்டே, பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "எம் மவன் ரப்பர்ல வேல பாக்குறான்லா."